இரவல் அங்கியும் பெருகும் ஆறும்

கொழும்பிலிருந்து அட்டனுக்குச் செல்லும் பெருவீதி, அவிசாவளையைக் கடந்ததும் களனி கங்கையைத் துணையாகக் கொண்டு மலையேறத் தொடங்குகிறது. கித்துல்கலைக்கு அப்பால், பெருவீதியை விட்டு ஆற்றின் மேற்புறமாகச் சென்றால் பொல்பிட்டிய என்னும் சிற்றூரை அடையலாம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் இவ்விடத்துக்கு அருகிலேதான் ஒன்றுகூடிக் களனி கங்கை என்னும் பெயரைப் பெறுகின்றன. மேலே தேயிலை, கீழே இறப்பரும் கித்துலும், எங்கும் மழை.

1969 ஆம் ஆண்டிலே இயங்கத் தொடங்கிய சமனல மின்நிலையத்தை, ஊர்ப்பெயரால் பொல்பிட்டிய மின்நிலையம் என்றே யாவரும் அழைப்பர். லக்ஷபான நீர்த்தேக்கத்து நீர் சுரங்க வழியாக இங்கே வந்து சுழலிகளைச் சுழற்றுகிறது. அதற்கும் மேலே காசல்ரீயும் மவுசாக்கலையும் நீரைத் தேக்கி நிற்கின்றன. பொல்பிட்டியவுக்குக் கீழே அண்மைக் காலத்தில் புரோட்லண்ட்ஸ் அணையும் எழுந்துவிட்டது. ஆகவே இந்த ஆறு தன் இச்சைப்படி மட்டும் ஓடும் ஆறன்று. மேலே பெய்த மழைக்காக வான்கதவு திறக்கப்பட்டால், கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே நீர் பெருகும். ஊரார் இதை அறிவர். நேற்று மாலை வந்திறங்கிய விருந்தினர் அறியார்.

1957 இல் வெளியான 'குவாய் நதிப் பாலம்' பற்றிய ஆங்கிலப் படம் கித்துல்கலையிலே பிடிக்கப்பட்ட நாள்தொட்டு இப்பக்கத்து ஆறு உலகப் பிரசித்தி பெற்றது. இப்பொழுது இறப்பர்த் தோணியில் வெள்ளநீரிற் பாய்ந்து செல்லும் விளையாட்டுக்காகவே பலர் வருகின்றனர். விடுமுறைப் பங்களாக்களிலும் உயிர்காப்பு அங்கி, தலைக்கவசம், துவிச்சக்கர வண்டி முதலியவற்றை வைத்திருந்து, "விருந்தினருக்கு இலவசம்" என்று எழுதி வைப்பதுண்டு.

அந்த 'இலவசம்' என்னும் சொல்லைச் சற்றே உற்று நோக்குவோம். இலங்கையின் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம் என்பதை மாணவர்கள் படித்திருப்பர். அதன் மூலமான உரோமச் சட்டத்திலே இரவலுக்கு ஒரு நீதி, வாடகைக்கு ஒரு நீதி. ஓட்டைத் தாழி என்று அறிந்தே ஒருவன் அதை இரவல் கொடுத்து, அதில் ஊற்றிய மது ஒழுகிப்போனால் அவன் பொறுப்பாளி என்றார் காயுஸ் என்னும் நீதிவல்லார். அதே தாழியை வாடகைக்குக் கொடுத்தவனோ, ஓட்டை இருந்தது தனக்குத் தெரியாது என்று சொல்லியும் தப்ப முடியாது என்றார் உல்பியன். பங்களா விருந்தினர் அறைக்குப் பணம் செலுத்தியே தங்குகிறார். அவர் கையிற் கிடைக்கும் அங்கி உண்மையில் இரவலா, வாடகையின் ஒரு பகுதியா? பின்னதே நியாயம் என்பது என் எண்ணம். எவ்வாறாயினும், தையல் பிரிந்த அங்கியைப் பாராமற் கொடுப்பது கவலையீனமே. முன்கூட்டியே உணரத்தக்க ஆபத்தைத் தடுக்காதவன் நட்டஈட்டுக்கு ஆளாவான் என்பது இக்காலத்து நியாயத்தலங்களும் ஏற்கும் கொள்கை.

"விபத்துக்கு நிருவாகம் பொறுப்பன்று" என்று ஒரு தாளிற் கையொப்பம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக உறங்கும் பங்களாக்காரர் உளர். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் அந்த உறக்கத்தைக் கலைக்கும். கவலையீனத்தால் நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் உள்ள பொறுப்பை அத்தகைய தாளோ அறிவித்தற் பலகையோ நீக்கிவிடாது.

இனி, அங்கியைக் கையில் எடுத்துக் கொடுப்பவர் யார்? உரிமையாளர் கொழும்பிலே இருப்பார். கொடுப்பவன் பெரும்பாலும் பங்களாவிலே வேலை பார்க்கும் தோட்டத்துப் பையன். "தம்பி, ஒன்று எடுத்து வா" என்று துரைமார் தோரணையிற் கேட்பவரிடம் "இன்று வேண்டாம் ஐயா, ஆறு சரியில்லை" என்று சொல்ல அவனுக்குத் துணிவு வருமா? வேலைக்காரன் தன் கடமையின்போது செய்யும் பிழைக்கு எசமானும் பொறுப்பாளி என்கிறது சட்டம். ஊரிலோ பழி பையன் தலையில்தான் விழும். மறுக்கும் அதிகாரத்தை எசமான் அவனுக்கு வெளிப்படையாக, விருந்தினர் முன்னிலையிலேயே அளித்தல் வேண்டும். அன்றைக்கு வான்கதவு திறக்கும் செய்தி உண்டா என்று விசாரித்த பின்னரே அங்கி அலுமாரியைத் திறக்கவேண்டும்.

இரவல் வாங்குவோருக்கும் கடமை இல்லாமற் போகவில்லை. பண்ணைக்குப் போவதற்கென வாங்கிய குதிரையைப் போருக்கு ஓட்டிச் சென்றவனை உரோமர் மன்னிக்கவில்லை. கடைத்தெருவுக்கென்று வாங்கிய துவிச்சக்கர வண்டியை மழையிலே மலைச்சரிவில் உருட்டி விடுபவரும் அவனுக்கு இளைத்தவரல்லர். ஆனால் சிறுவர் விஷயம் வேறு. பெரியவரின் அங்கியைச் சிறுவனுக்கு மாட்டினால், நீரிலே அங்கி மேலெழும். பிள்ளை அதனுள்ளிருந்து கீழே நழுவுவான். பிள்ளைக்கு அளவான அங்கி பங்களாவில் இல்லையென்றால், அன்று அவன் கரையிலிருந்தே ஆற்றைப் பார்க்கட்டும். பொல்பிட்டியவில் கரையிலிருந்து பார்ப்பதற்கும் ஆறு அழகாகத்தான் இருக்கிறது.