லயம்

இசை பயிலக் கடல் கடந்து சென்ற நமக்கு, மறக்கவொண்ணாத பாடம் கல்லூரிக்கு வெளியே, முற்றிலும் தற்செயலாகக் கிடைத்தது.

1980-ஆம் ஆண்டு தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரம் வழியாகச் சிதம்பரம் அடைந்தோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இலங்கைத் தமிழர்க்கு அந்நியமான இடமன்று. விபுலாநந்த அடிகள் 1931 முதல் 1933 வரை அங்கே தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். நாம் பயின்றது மிருதங்கம். "உங்கள் மலைநாட்டில் என்ன இசை உண்டு?" என்று உடன்பயின்ற நண்பர் ஒருவர் வினவியபோது, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை என்றோம். இராகலையில் நாம் பிறந்த லயத்து வாசலில் விடியுமுன் ஒலித்த பெரட்டுத் தப்பு அப்போதும் நம் நினைவில் இருக்கத்தான் செய்தது. அதை இசையென ஒப்புக்கொள்ள நாணம் தடுத்தது. அந்த நாணத்திற்குச் சாதி என்றும் ஒரு பெயருண்டு.

மறு ஆண்டு மாசியில், அந்த நண்பரின் தமக்கை திருமணத்திற்காகக் கோத்தகிரி சென்றோம். இலங்கையிலிருந்து திரும்பியோர்க்கு வேலை தருவதற்கென்று 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. இரவில் அத்திசையிலிருந்து காமன் கூத்தின் தப்பொலி வந்தது. அடி மாறிய ஓரிடத்தில் நம் விரல்கள் தாமே எண்ணத் தொடங்கின. மூன்று மூன்றாக நடக்கும் திசிர நடை. ஆயினும் வகுப்பில் கேட்டதன்று, அதற்கும் வெகு முன்னரே கேட்டது.

நண்பரையும் இழுத்துக்கொண்டு சென்றோம். வைக்கோல் தீயில் தப்பின் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்த முதியவர் நம் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"தம்பி, எந்தத் தோட்டம்?"

ஊர் எது என்று அவர் கேட்கவில்லை. சொன்னோம். தப்பைக் கீழே வைத்தார். எந்த டிவிசன் என்றார். அப்பா பேர் என்ன என்றார். பிறகு சிரித்தார்.

"ஒங்க லயத்த எழுப்பினவன் நான்தான் தம்பி."

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30-இல் இரு பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதிற்று. அவர்களுள் ஒருவராக 1971-இல் அவர் கப்பலேறினார். அதன்பின் நம் தோட்டத்தில் பெரட்டுக்குச் சங்குதான் ஊதியது.

பெரட்டு அடியை அடித்துக் காட்டுமாறு வேண்டினோம். மறுத்துவிட்டார். "இங்க வேணாம் தம்பி. அத அடிச்சா சனம் எந்திரிச்சிரும்."

மறுநாள் பிற்பகல், லயங்களுக்கு அப்பால் ஒரு மேட்டில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தார். வலக்கையில் தடித்த குச்சி, இடக்கையில் மெல்லிய நீண்ட குச்சி. முதலில் மெதுவாக அடிப்பது கைக்குழந்தைக்காரிகளுக்காக. அவர்களுக்கு வேலை அதிகம். பிறகு விரைவு, பிந்தினால் அரைப்பேர்தான். இலக்கணம் அவ்வளவே. எல்லாரையும் எழுப்ப அவர் இருந்தார். அவரை எழுப்ப ஒருவருமில்லை. சங்கீதத்தில் லயம் என்பது காலத்தின் ஒழுங்கு; தோட்டத்தில் அது வெள்ளைக்காரனின் 'லைன்' திரிந்து வந்த வரிசைக் குடியிருப்பு. ஒரு சொல்லின் இவ்விரு பொருளையும் கையில் வைத்திருந்த ஆசிரியரை அதற்கு முன் நாம் கண்டதில்லை.

அவர் அடித்ததைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். நண்பர் ஒன்றும் பேசவில்லை. நாம் முன்பு சொன்ன விடையை அவர் மறந்திருக்கமாட்டார்.

1984-இல் கப்பல் நின்றது. அவரை மறுபடி காண வாய்க்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளையின் 'தேயிலைத் தோட்டத்திலே' கவிதையில் இந்தத் தப்பொலியைப் பின்னாளில் எதிர்கொண்டபோது, ஏட்டை மூடிவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தோம்.

இன்று இராகலையில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறோம். சனிக்கிழமை ஒரு மணி நேரம் தப்பு. அன்று மட்டும் சில பெற்றோர் தம் பிள்ளைகளை அனுப்புவதில்லை.