இரு பெருமாள்களுக்கு நடுவே ஓர் ஓட்டம்

திருவள்ளூர்ப் பக்கமிருந்து வரும் மாநில நெடுஞ்சாலை 57 ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூரு நெடுஞ்சாலையைக் கடந்து, வல்லம், வல்லக்கோட்டை, ஒரகடம், ஆப்பூர் என்று தெற்கே இறங்கி, சிங்கப்பெருமாள்கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையைத் தொடுகிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கணக்கிட்டால் சுமார் 25 கிலோமீட்டர். அரை மாரத்தான் ஓடிப் பழகியவருக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் கூடுதல், அவ்வளவுதான். தொடக்கத்தில் ஆதிகேசவப் பெருமாள், முடிவில் நரசிம்மப் பெருமாள், நடுவில் வல்லக்கோட்டை முருகன். நான் ஓடும் பாதைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பிடித்திருப்பதால்தான் இதன் குறைகளையும் எழுதுகிறேன்.

விடியுமுன் கிளம்ப வேண்டும். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குமேல் இந்தச் சாலையில் ஓடுவது உடம்புக்கு ஆகாது. ஸ்ரீபெரும்புதூர் தேரடியில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். பூக்கடைகள் அப்போதுதான் திறக்கும். இது இராமானுஜர் பிறந்த ஊர். பிறந்த ஆண்டு 1017 என்பது மரபு. பூவிருந்தவல்லியைச் சேர்ந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீச இந்த ஊர் வழியாகத்தான் நடந்து போவார் என்றும், அப்படிப் போகும்போதுதான் சிறுவன் இராமானுஜன் அவரைக் கண்டான் என்றும் வைணவப் பெரியோர் சொல்வார்கள். பூவிருந்தவல்லிக்கும் காஞ்சிக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். கால்நடையாகப் போகிறவர்களை ஆயிரம் ஆண்டுகளாகப் பார்த்த ஊர் இது. நெடுஞ்சாலை ஓரத்தில் ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கிறது. 1991 மே 21 இரவு அவர் கொல்லப்பட்ட இடம். அந்த மதிலை ஒட்டிப் போகும்போது நான் ஓட்டத்தை நிறுத்தி நடப்பது வழக்கம்.

ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை இருக்கிறது. அந்த நிறுவனம் 1665-இல் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் தொடங்கியது. வெர்சாய் அரண்மனைக்குக் கண்ணாடி செய்து கொடுத்தது. அதன் பெயர் வடக்குப் பிரான்சில் காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூரின் பெயர். தெற்கே ஒரகடத்தில் இன்னொரு பிரெஞ்சு நிறுவனம். ரெனால்ட்டும் நிசானும் சேர்ந்து 2010 மார்ச்சில் திறந்த கார் ஆலை அது. 2025-இல் நிசானின் பங்குகளையும் ரெனால்ட்டே வாங்கிக்கொண்டது. பிரான்சின் மூலதனம் இந்த வட்டாரத்துக்கு வந்து இருபத்தைந்து ஆண்டு ஆகிறது. அந்த நாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வேறொன்று இன்னும் வரவில்லை.

ஓட்டக்காரர்கள் கூடினால் பிரெஞ்சு நாட்டுப்புறத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார்கள். திராட்சைத் தோட்டங்களுக்குள் 1985 முதல் நடக்கும் மெடாக் மாரத்தான், கால்வாய்க் கரைகள், மணிக்கூண்டு வைத்த சின்னச் சின்ன ஊர்கள். படம் பார்த்தாலே கால் துறுதுறுக்கும். ஆனால் அங்கே ஓட முடிவதற்கு அழகு காரணமல்ல. ஊருக்கும் ஊருக்கும் இடையிலான மண்பாதை அங்கே ஊராட்சியின் சொத்து, யாரும் நடக்கலாம். தொலைதூர நடைபாதைகளுக்கு வெள்ளையும் சிவப்புமாக இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 1947-இல் தொடங்கிய வேலை அது. இன்று அறுபதாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு அந்தக் கோடுகள் நாடு முழுவதும் ஓடுகின்றன. மழையில் அழிந்தால் ஊர்த் தன்னார்வலர்களே மீண்டும் பூசுகிறார்கள். புதிதாக வருகிறவன் யாரிடமும் வழி கேட்காமல் மரத்தையும் கல்லையும் பார்த்தே ஓடிப் போகலாம்.

நம்மிடம் பாதை இல்லையா? இருக்கிறது. கிராம வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வண்டிப்பாதை புறம்போக்கு, ஏரி புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று ஊரைச் சுற்றி நரம்பு ஓடுவது தெரியும். காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, ஒரகடம் ஏரி, இன்னும் ஊருக்கொன்றாக எத்தனையோ. அடையாறே மணிமங்கலம் பக்கம் மலைப்பட்டு ஏரியிலிருந்துதான் கிளம்புகிறது என்பார்கள். ஏரிக்கரை ஓடுவதற்கென்றே போட்டதுபோல் இருக்கும். செம்மண், முட்டிக்கு இதம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மிச்சமிருக்கும் நஞ்சை. நடுவில் மதகு, கோடியில் கலங்கல். ஆள் வருவதைப் பார்த்ததும் ஆட்காட்டிக் குருவி ஊரைக் கூட்டும். சீமைக் கருவேலம் மண்டாத கரையாக இருந்தால், தார்ச்சாலையில் ஆறு கிலோமீட்டர் ஓடுவதைவிட அங்கே பத்து ஓடுவது சுலபம். ஆனால் ஒரு கரையில் தொடங்கினால் அடுத்த ஏரிக்குப் போக வழி இருக்காது. தொழிற்பேட்டை மதில் எழுந்த இடத்தில் பாட்டை அறுபட்டு நிற்கும். திரும்பி வந்து மறுபடியும் லாரிகளோடு சேர வேண்டியதுதான்.

வல்லம், வடகாலை நெருங்கும்போது ஷிப்டு மாறும் நேரமாகிவிடும். கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். ஜன்னலோரத்தில் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள். இங்கேதான் ராயல் என்ஃபீல்டின் ஆலை 2017-இல் வந்தது. இங்கேதான் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைக் கட்டியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். பதின்மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றும் பத்து மாடிக்குக் குறையாதவை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் பலர் நோயில் விழுந்ததும், மற்றவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்ததும் நமக்கு நினைவிருக்கும். அந்தப் போராட்டம் நடந்திருக்காவிட்டால் இவ்வளவு சீக்கிரம் நல்ல தங்குமிடம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கட்டடங்களைத் தாண்டி ஓடும்போதெல்லாம் ஒரே கேள்விதான் மனதில் வரும். இங்கே தங்கும் பெண்களில் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். பள்ளியில் நூறு மீட்டர், நானூறு மீட்டர் ஓடிப் பரிசு வாங்கியவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்! எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று வேலை பார்த்த கால்கள் அவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே வந்து ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று ஒரு பெண் நினைத்தால் எங்கே ஓடுவாள்? டிரெய்லர் லாரி உரசிப் போகும் சாலை ஓரத்திலா? வண்டிக்கு ஆறு வழி, மனிதருக்கு ஒற்றையடியும் இல்லை என்ற நிலையை இந்த இடத்தில்தான் மிகக் கூர்மையாக உணர்கிறேன். பக்கத்துக் கிராமத்து ஏரிக்கரையை விளக்குப் போட்டு, முள் வெட்டி, நடக்கத் திறந்துவிட்டால் அவள் போவாள். தோழிகளையும் அழைத்துக்கொண்டு போவாள்.

வல்லக்கோட்டை கோயிலுக்குள் ஓட்டக்காரன் வியர்வையோடு நுழையத் தயங்குவான். வஜ்ர தீர்த்தத்தில் கை கால் கழுவிக்கொண்டால் போதும். இந்திரன் உண்டாக்கிய குளம் என்கிறது தலபுராணம். ஏழடி உயரத்தில் நிற்கும் முருகனை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். திருப்புகழில் வரும் கோடைநகர் இதுதான் என்று அருணகிரிநாதரை ஓதுகிறவர்கள் சொல்வார்கள். ஆடிக் கிருத்திகை அன்று காவடிகள் சாலையை நிறைக்கும். ஆண்டில் அந்த ஒருநாள் இந்தச் சாலை நடப்பவர்களுக்குச் சொந்தமாகிறது; லாரிகள் ஒதுங்கி நிற்கின்றன. அப்படியென்றால் ஒதுக்க முடியும் என்றுதானே பொருள்?

இந்தப் பக்கத்துச் சாலையோரங்களில் உண்மையான ஓட்டக்காரர்கள் வேறு. ஷூவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்த என்னைப் போன்றவர்கள் அல்ல. போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் கிராமத்துப் பையன்கள். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டே விடியற்காலையில் பயிற்சி எடுப்பார்கள். வெறுங்காலோடு ஓடுகிறவர்களும் உண்டு. என் கையில் வாட்சைப் பார்த்துவிட்டால், “அண்ணா, டைம் கொஞ்சம் பாத்து சொல்றீங்களா?” என்று கேட்டுவிட்டு இரண்டு மின்கம்பத்துக்கு நடுவே பாய்வார்கள். தூரத்தை அவர்களே கம்பம் எண்ணி அளந்து வைத்திருப்பார்கள். ஒரகடத்தில் கார்களை ஓட்டிச் சோதிக்க மத்திய அரசின் உலக மோட்டார் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. விதவிதமான ஓடுதளங்கள் அங்கே போடப்பட்டிருக்கின்றன. இந்தப் பையன்களுக்கு 400 மீட்டர் மண் வட்டம் ஒன்று போட்டுக்கொடுக்க எவ்வளவு ஆகிவிடும்?

ஒரகடம் கூட்டுச்சாலையில் நிற்காமல் கடந்துவிடுவது நல்லது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை இங்கே குறுக்கே போகிறது. 2012-இல் வந்த பாரத்பென்ஸ் லாரி ஆலை, அப்பல்லோ டயர், ரெனால்ட் எல்லாம் இந்தச் சுற்றில்தான். டீக்கடைப் பலகைகளில் இந்தியும் ஒடியாவும் தெரியும். ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டு என்ற ஊரில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது சிறிய கற்கருவிகளும் பிற்காலத்துப் பொன் அணிகளும் கிடைத்தன. வேட்டைக்கு ஓடியவர்களின் கருவிகள் என்று நினைத்துக்கொண்டால் கால்வலி குறைகிறது.

ஆப்பூருக்கு வந்தால் காற்றே மாறிவிடும். காப்புக்காடும் குன்றும். குன்றின் மேல் நித்ய கல்யாணப் பிரசன்ன வெங்கடேசப் பெருமாள். மலைக்கு ஔஷதகிரி என்று பெயர். தொடைக்கு வலு வேண்டுமானால் படி ஏறி இறங்கலாம். இருபது கிலோமீட்டர் ஓடியபிறகு நான் ஏறச் சொல்லமாட்டேன். அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். கடைசிக்குச் சற்று முன்னால் திருக்கச்சூர் திரும்பும் வழி. பசித்து வந்த சுந்தரருக்காகச் சிவபெருமானே வீடுவீடாகச் சோறு இரந்து வந்த ஊர். இந்தக் கதையின் அருமை அந்த நேரத்தில் வயிற்றுக்குத்தான் நன்றாகப் புரியும்.

சிங்கப்பெருமாள்கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் பாறையைக் குடைந்த சந்நிதியில் இருக்கிறார். பல்லவர் காலத்துக் குடைவரை. அர்ச்சகர் திருமண்காப்பை விலக்கி நெற்றிக்கண்ணைக் காட்டுவார். அவரை வலம் வர வேண்டுமானால் குன்றையே சுற்ற வேண்டும். அந்தச் சுற்றை நடந்து முடித்தால் கால் தசைகள் தளர்ந்துவிடும். ரயில் நிலையம் பக்கத்தில்தான்.

நெடுஞ்சாலைத் துறையிடமும் சிப்காட்டிடமும் வழியிலுள்ள ஊராட்சிகளிடமும் நான் கேட்பது பெரிதல்ல. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வரை தடுப்பு வைத்த இரண்டு மீட்டர் நடைபாதை வேண்டும். வரைபடத்தில் உள்ள வண்டிப்பாதைகளை அளந்து, ஏரிக்கரைகளை ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். முதலில் வல்லம் வடகாலிலிருந்து வல்லக்கோட்டை வரை செய்துகாட்டினால் போதும். நடைபாதை வரும்வரை ஓட விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குமுன் குழுவாகக் கிளம்புங்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். மின்னும் மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். திரும்புவதற்குச் சிங்கப்பெருமாள்கோவிலில் செங்கல்பட்டு–கடற்கரை மின்சார ரயில் நிற்கும்.