வீட்டு வளவில் ஒரு சிவப்புப் பேரி



போன கிழமை நான் போட்ட சிவப்புப் பேரிக்காய்ப் படத்தைப் பார்த்து, "ரீச்சர், மெல்பேர்ணிலும் தோட்டமோ?" என்று கனபேர் கேட்டிருந்தீர்கள். ஓம், தோட்டம்தான். மகளின் வீட்டுப் பின்வளவில் இரண்டே இரண்டு மரம்.

சிவப்பு மரத்தின் பெயர் 'சென்சேஷன்'. வில்லியம்ஸ் என்ற பச்சைப் பேரி மரத்தில் ஒரு கிளை தானாகவே சிவப்பாகக் காய்த்ததில் இருந்து உண்டான இனம். இந்த விக்டோரியா மாநிலத்திலேயே கண்டெடுத்தது. பேரிக்குத் தனிமை ஒத்துவராது. பக்கத்தில் வேறு இனம் ஒன்றும் கூடவே பூத்தால்தான் நன்றாகக் காய் பிடிக்கும். அதனால் 'பக்ஹாம்' இன மரம் ஒன்றையும் சேர்த்து, 2019 யூலைக் குளிரில், இலையில்லாத கன்றுகளாக வாங்கி நட்டோம். நேராக மேலே ஓடும் கொப்புகளைக் கயிறு கட்டிச் சற்றுச் சாய்த்துவிட்டால் பூமொட்டு கூடும். செப்ரெம்பரில் மரம் முழுக்க வெள்ளைப் பூ. வௌவால்கள் சிக்கிக்கொள்ளாதபடி, 5 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண் உள்ள வலைதான் போட வேண்டும் என்பது இங்கே சட்டம். இந்த முறை 31 காய்.

இனி விசயத்துக்கு வருகிறேன். எங்கட ஊரில் அணில் கோதின மாம்பழம்தான் ருசி என்போம். மரத்திலேயே பழுத்தது என்பதற்கு அது சாட்சி. இந்தப் பேரி அப்படியல்ல. மரத்திலேயே பழுக்க விட்டால் நடுச்சதை முதலில் கனிந்து பழுதாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பிஞ்சிலிருந்தே சிவப்பு என்பதால் நிறத்தை நம்பவும் முடியாது. பெப்ரவரி வாக்கில் காயைக் கையில் ஏந்தி, மெல்லக் கிடையாக உயர்த்திப் பார்க்க வேண்டும். காம்பு தானாகக் கழன்றால் அதுதான் பறிக்கும் பருவம். அப்போது கல்லுப்போல இருக்கும். சில நாள் பிரிட்ஜில் வைத்து, பிறகு வெளியே எடுத்து வைத்தால் காம்படி மெதுவாகும். அதன்பிறகே சாப்பிடலாம்.

முதல் வருடம் அந்தக் கல்லுக் காய்களை மேசையில் பரப்பியபோது எனக்கு 1995ஆம் ஆண்டு வகுப்பு நினைவு வந்தது. ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே எழுந்து நடந்தது. ஒளித்தொகுப்புப் பாடம் பாதியில் நின்றது. பிள்ளைகள் காயாகவே பறிபட்டுப் போனார்களே என்று இத்தனை வருடமும் மனதில் ஒரு பாரம்.

பறித்தது நியாயம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். வழியிலேயே உதிர்ந்துபோன உங்கள் தோழர்களை மறக்கவும் இல்லை. ஆனால் ரொறன்ரோ, லண்டன், வவுனியா என்று நீங்கள் இருக்கும் இடங்களில் இருந்து வரும் செய்திகளைப் படிக்கிறேன். ஒருத்தி தாதி. ஒருவன் பஸ் ஓட்டி மூன்று தங்கைகளைக் கரைசேர்த்தான். இன்னொருவன் இரவில் படித்துக் கணக்காளரானான். இந்தக் கனிவு என் வகுப்பறையில் வந்ததல்ல. நான் பார்க்காத இடங்களில், உங்களுக்குள்ளேயே வந்தது. அதை அறிந்தபின் அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

இன்னும் 9 பழம் மிச்சம். மெல்பேர்ணில் இருப்பவர்கள் வருகிற ஞாயிறு வாருங்கள். தூரத்தில் இருப்பவர்கள், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். அன்றைக்கு இடாப்புக் கூப்பிட்டு முடிக்காத வகுப்பு அது.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்