சொல்ல வந்தது

கதை எழுதுகிறவனுக்குக் காது கூர்மை என்று ஓர் அபிப்பிராயம் உலவுகிறது. எனக்கும் அந்தக் கர்வம் இருந்தது. ஓர் அச்சகத்தில் மூன்று வருஷம் மேலாளராக உட்கார்ந்த பிறகு அது போயிற்று.

அங்கே புரூஃப் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஓர் ஒற்றுப் பிழைகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவரிடம் ஒரு தை மாதத்தில் பிழைகள் தப்ப ஆரம்பித்தன. ஒருநாள் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"சார், கொஞ்ச நாளா எனக்கு..."

"லீவுதானே? தாராளமா எடுத்துக்குங்க" என்றேன், காகித பில்லிலிருந்து தலையைத் தூக்காமல்.

சற்று நின்றார். "சரிங்க சார்" என்று போய்விட்டார். கேட்காத லீவை இரண்டு நாள் எடுத்துக்கொள்ளவும் செய்தார், பாவம். எனக்கோ என் தயாள குணத்தில் பரம திருப்தி.

ஆடியில் ஒரு பழைய சரித்திரம் படித்தேன். சிகாகோவுக்குப் பக்கத்தில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை. 1928 முதல் 1930 வரை சுமார் 21,000 தொழிலாளிகளைத் தனித்தனியே உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். முதலில் கேள்விகளைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். தொழிலாளிகளோ கேள்வியை விட்டு எங்கெங்கோ போனார்கள். 1929-இல் கேள்விகளை மூட்டை கட்டிவிட்டு, அவர்கள் போன வழியிலேயே போக விட்டார்கள். குறுக்கே பேசக்கூடாது, வாதாடக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது. அதற்கப்புறம்தான் பேச்சு வந்தது. தொழிற்சங்கம் தலைகாட்டாமலிருக்க இது ஒரு தந்திரம் என்று சொன்னவர்களும் உண்டு. அதில் எனக்குப் பாதி சம்மதம். ஆனால் மீதிப் பாதி என்னை உறுத்தியது. அந்த லீவு ஞாபகம் வந்தது.

மறுநாள் பெரியவரை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். என் அறையில் அவர் உட்காரமாட்டார். "அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தீங்க" என்றேன். பதில் இல்லை. என் வாயில் நாலு வாக்கியம் தயாராக வந்து நின்றன. விழுங்கினேன். அதைப்போலக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"இடது கண்ணுல எழுத்தெல்லாம் வளைஞ்சு தெரியுது சார். சொன்னா வேலை போயிடுமோன்னு..."

கண் டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். இடது கண்ணில் போனது போனதுதானாம். வலது கண்ணை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"எப்பலேருந்து இப்படி? ஏன் முன்னாடியே யார்கிட்டயும் சொல்லலை?" என்று டாக்டர் கேட்டார்.

"தை மாசத்திலேருந்து" என்றார் பெரியவர். இரண்டாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.