அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் பசை

அரிசி வாங்கினால் கல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். புளி வாங்கினால் கொட்டை எடுத்ததா என்று கேட்கிறோம். ஆனால் பத்து, பதினைந்து வருஷம் நம்மோடு குடியிருக்கப் போகிற அலமாரியை மட்டும் பளபளப்பைப் பார்த்தே வாங்கிவிடுகிறோம், இல்லையா?

என் மகள் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். அவள் அறைக்கு என்னவர் ஒரு புது அலமாரி வாங்கிப் போட்டார். கதவைத் திறந்தாலே கண் கரித்தது, தொண்டை கமறியது. கடைக்காரரைக் கேட்டால், "புது சாமான்னா வாசனை இருக்கத்தாம்மா செய்யும்" என்று முடித்துவிட்டார். பச்சைக் குழந்தை படுக்கப் போகிற அறையாயிற்றே! எங்கள் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது மரம் இல்லீங்கம்மா. மரத்தூளும் பசையும். வாடை பசையோடது" என்றார்.

அன்றுதான் விசாரிக்கத் தொடங்கினேன். மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் பிளைவுட். மரச் சில்லுகளைப் பசையில் பிசைந்து, சூட்டில் அழுத்தினால் பார்ட்டிகிள் போர்டு. இன்னும் மெல்லிய நாராக்கி அழுத்தினால் எம்.டி.எஃப். விலை மலிவான பலகைகளில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான். அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வெயிலும் புழுக்கமும் கூடினால் கசிவும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்தது. இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள்! எவ்வளவு, எத்தனை காலம் சுவாசிக்கிறோம் என்பதுதான் கணக்கு. நாளாக ஆகக் கசிவும் குறையும்.

நாங்கள் அலமாரியைக் காற்றோட்டமான கூடத்துக்கு மாற்றினோம். அறுத்த விளிம்புகள் திறந்திருந்தால் கசிவு அதிகம் என்பதால், ஆசாரி எல்லா ஓரங்களுக்கும் பட்டை ஒட்டிக் கொடுத்தார். பேரன் பிறந்து வந்தபோது அந்த அறையில் பழைய மரப் பெட்டிதான் இருந்தது.

"அப்படியானால் தேக்கே வாங்கலாமே?" என்பீர்கள். எத்தனை பேரால் முடியும்? காடுகளை வெட்டியே பிழைத்த காலமும் போய்விட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. இப்போது தோட்டத்தில் வளரும் தைலமரமும் சவுக்கும் மலைவேம்பும்தான் கைகொடுக்கின்றன.

அதோடு, நாம் குப்பை என்று ஒதுக்குகிறவையும் பலகையாகின்றன. கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வது நமக்குத் தெரியும். அதே சக்கையை அழுத்தினால் பலகை. தேங்காய் நாரிலும் பலகை செய்கிறார்கள். மூங்கில் பாயைப் பசையில் தோய்த்து அடுக்கி அழுத்தினால் மூங்கில் பலகை. கேரளத்தில் 1971-ல் தொடங்கிய அரசு மூங்கில் கழகத்துக்கு, வீட்டிலிருந்தே பாய் பின்னிக் கொடுத்துச் சம்பாதிக்கிற பெண்கள் உண்டு. 2017-ல் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' என்ற கணக்கிலிருந்து நீக்கியதால், வெட்டுவதும் கொண்டுபோவதும் சுலபமாகிவிட்டது.

ஆனால் ஒன்று. சக்கையோ, நாரோ, மூங்கிலோ, ஒட்டுவது பசைதானே? பழைய பசையையே ஊற்றினால் பழைய வாடைதான். சோயா மாவில் செய்த பசையும், ஃபார்மால்டிஹைடே சேராத பசையும் வந்துவிட்டன. விலைதான் கொஞ்சம் கூடுதல். கேட்கிறவர்கள் பெருகினால் செய்கிறவர்களும் பெருகுவார்கள்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை கடைக்குப் போனால் மூன்று விஷயம் கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? கசிவு குறைந்த இ-1 அல்லது இ-0 ரகமா? தண்ணீர் படுகிற சமையலறைக்கென்றால், ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மெரைன் பிளையா? பிறகு கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு நன்றாக மோந்து பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பால் கெட்டதா என்று கண்டுபிடிக்கிற மூக்கு நம்முடையது!