கடைசி அறைக்கும் எட்டட்டும்

தொலைவு என்பது கல் கணக்கில் மட்டும் அளக்கப்படுவதன்று. ஒரே கூரையின்கீழ் வாழ்வோரிடையேயும் தொலைவு உண்டு. இவ்வுண்மையை இந்நாளில் நமக்கு உணர்த்துவது, வீட்டு முன்கூடத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பெட்டி. மக்கள் அதனை 'வைஃபை பெட்டி' என்பர்.

திருவக்கரைப் பகுதியின் பழைய வீடுகள் பல, தெருவிலிருந்து பின்புறமாக நீண்டவை. திண்ணை, கூடம், நடுக்கட்டு, பின்கட்டு என்று அவை போய்க்கொண்டே இருக்கும். பெட்டியோ தொலைக்காட்சியின் அருகே, முன்கூடத்தில் வீற்றிருக்கும். பின்கட்டில் இருப்போர் யார்? படுக்கையில் கிடக்கும் பாட்டி. பொதுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்பிள்ளை. வளைகுடா நாட்டிலிருந்து மகன் அழைத்தால், தாய் காண்பது அசையாது உறைந்துபோன முகத்தையே. நோயில் விழுந்த மூதாட்டி ஒருவர், "சாமி, போன்ல பூசை பாக்குறேன். எழுந்தேற்ற நேரத்துல சரியா நின்னுபோவுதுங்க" என்று நம்மிடம் கண் கலங்கினார். ஆதலின் இதனை இளைஞரின் பொழுதுபோக்குச் சிக்கல் என்று தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை.

இப்பெட்டி பேசுவது வானொலி அலைகளால். பெரும்பாலான பெட்டிகள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் எனும் இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முன்னது மெதுவாயினும் சுவரைக் கடந்து நெடுந்தூரம் செல்லும். பின்னது விரைவாயினும் சுவர் கண்டால் சோர்ந்துவிடும். தொலைவிலுள்ள அறைக்கு முன்னதே ஏற்றது. மரக்கதவு அலைகளுக்கு எளிதில் வழிவிடும். கனத்த கற்சுவர் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இரும்புப் பீரோ திருப்பி அடித்துவிடும். தண்ணீர்த் தொட்டி உறிஞ்சிவிடும். நம் ஊரின் தேசியக் கல்மரப் பூங்காவில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடப்பதைக் காண வெளியூர் மக்கள் வருகின்றனர். மரமாய் இருந்தது கல்லாய் இறுகினால், வழிவிட்டதும் தடையாகும் அன்றோ! மனித உள்ளத்திற்கும் இது பொருந்தும்.

முதல் மருந்து செலவற்றது: பெட்டியை இடம் மாற்றுவது. விளக்கைக் கொளுத்தி மரக்காலின்கீழ் வைப்பார் உண்டோ என்று ஆண்டவர் வினவினார். நம் வீடுகளிலோ பெட்டியைப் பீரோவின் பின்னும், மாடிப்படியின் அடியிலும், தரையிலும் ஒளித்து வைக்கிறோம். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தாலே பாதிக் குறை தீரும். அருகில் மைக்ரோவேவ் அடுப்பு இராதிருப்பது நலம், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே இயங்கிக் குழப்பம் விளைக்கும்.

அதனாலும் தீராவிடில் 'ரிப்பீட்டர்' என்னும் அஞ்சற்கருவி உண்டு. அலையை வாங்கி மீண்டும் ஒலிபரப்புவதே அதன் பணி. இதில் பலர் இடறுகின்றனர். அலை எட்டாத பின்கட்டிலேயே கருவியைக் கொண்டுபோய்ச் செருகிவிட்டு, பயனில்லை என்று கடைக்காரரை வைகின்றனர். குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில், தன்னிடம் இல்லாததை எவரும் பிறர்க்குத் தர இயலாது என்னும் நெறியை இலத்தீனில் மனனம் செய்தோம். அக்கருவிக்கும் அதுவே சட்டம். பெட்டிக்கும் பின்கட்டுக்கும் இடையில், அலை இன்னும் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் அது நிற்கவேண்டும். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தால் அவ்விடம் புலப்படும். மேலும், ஒரே அலைவரிசையில் கேட்பதும் சொல்வதுமாய் இருக்கும் எளிய கருவியில் வேகம் ஏறத்தாழப் பாதியாய்க் குறையும். முற்றும் இல்லாமைக்கு அது மேலானதே.

உறுதியான வழி வேண்டுவோர் பெட்டியிலிருந்து பின்கட்டு வரை லேன் கம்பி ஒன்றை இழுத்து, அதன் முனையில் இரண்டாவது பெட்டியைப் பொருத்தலாம். அவ்வகைக் கம்பி 100 மீட்டர் வரை குறைவின்றிச் செய்தியைக் கடத்தும். நம் வீடுகளுக்கு அது தாராளம். கம்பியில்லா வித்தைக்குக் கம்பியே கைகொடுப்பது வியப்புத்தான்!

தொலைவிலுள்ள அறைக்குச் செய்தி எட்டச் செய்யும் கவலை திருத்தந்தையர்க்கும் இருந்தது. 1931ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியை 11ஆம் பத்திநாதர் தொடங்கிவைத்தார். 1933இல், வத்திக்கானுக்கும் சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காஸ்தல் கந்தோல்போ கோடை இல்லத்திற்கும் இடையே நுண்ணலைத் தொலைபேசித் தொடர்பை அதே அறிஞர் அமைத்தார். ஒரு வீட்டுக்கும் அதன் மறு வீட்டுக்கும் இட்ட பாலம் அது.

இன்னும் அண்மையில் ஒரு சான்று உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாகக் கொண்டு, புதுவையின் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி போதாத இடங்களில் வானலை வழியே கணினிகள் இணைக்கப்பட்டன. வீராம்பட்டினத்தில், கடல் அலையின் உயரம் பற்றி இணையத்தில் கிடைத்த செய்தியை மையத்தினர் ஒலிபெருக்கியில் மீனவர்க்கு அறிவித்தனர். கணினியைத் தொட்டறியாத மீனவர் குடிசைக்கும் செய்தி எட்டியது. 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு என்னும் கடலோரச் சிற்றூருக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் கூவி அறிவித்தனர். மக்கள் ஓடி உயிர் தப்பினர். செய்தி ஒருவர் செவியோடு நின்றிருந்தால் நிகழ்ந்திருக்கக்கூடியதை எண்ணவும் நெஞ்சம் நடுங்குகிறது. இடையில் நின்று வாங்கிக் கொடுத்தவர்களே அன்று காவலராயினர்.

அன்பார்ந்த பெற்றோரே, நீங்களும் இடையில் நிற்பவர்களே. இறைவனின் அன்பு பிள்ளைகளை வந்தடைவது பெரிதும் உங்கள் வழியாக. செபமின்றி, ஊற்றுக்கு எட்டாத இடத்தில் நின்றுகொண்டு, பிள்ளைகளிடம் பக்தி இல்லையே என்று வருந்துதல் முறையோ? குருக்களாகிய எமக்கும் இதே கேள்வி உண்டு. தியானத்தில் பெறாததை மறையுரையில் கொடுக்க எம்மால் ஆகாது.

எனவே இவ்வாரம் ஒரு மாலை, குடும்பமாய்க் கூடி அப்பெட்டியை நடுவீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பின்கட்டுக்குச் சென்று, பாட்டியின் கைப்பேசியில் படம் தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், உடனே எழுந்து முன்கூடத்துக்குத் திரும்பிவிடாதீர்கள். அலை எட்டிவிட்டது என்பதற்காக, ஆள் எட்டவேண்டிய கடமை தீர்ந்துவிடாது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரோடு அமர்ந்து திருப்பலி காணுங்கள்.