சாய்கோடும் தந்தை பெயரும்

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பிறந்த தமிழ்ப்பெண்ணின் அடையாள அட்டையில் ‘கயல்விழி ஏ/பி முருகன்’ என்பது போலப் பெயர் பதிவாகியிருக்கும். மகள் எனப் பொருள்படும் ‘அனாக் பெரெம்புவான்’ என்னும் மலாய்த் தொடரின் சுருக்கம் அது, மகனாயின் ‘ஏ/எல்’.

அலுவலகத்தின் ஊழியர் பதிவேட்டையும் கணினிக் கணக்குகளையும் இணைத்துவைக்கும் நிரலை ‘டிரைவர்’ என்பர். அதனை அமைக்கப் புகுவோர் இடறுவது இச்சாய்கோட்டில்தான். விண்டோஸ் பயனர் பெயரில் அதற்கு இடமில்லை. 1988ஆம் ஆண்டின் எக்ஸ்.500 நெறியோ, மனிதரைக் குறிக்கும் பதிவில் குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கியது. தமிழர்க்கு ஏது குடும்பப்பெயர்? தந்தையின் பெயர் அங்கே சென்று அமர்கிறது. மகளுக்கு வரும் மடல் ‘அன்புள்ள முருகன்’ என்று தொடங்குகிறது!

நகைத்துவிட்டு நகரக்கூடிய செய்தியன்று இது. ஓரிடத்தில் சாய்கோட்டோடும் வேறோரிடத்தில் அது நீங்கியும் பெயர் நின்றால், ஒருவரே இருவராகிவிடுவார். பணிவிலகும் நாளில் ஒரு கணக்கு மூடப்படும்; மற்றொன்று திறந்தே கிடக்கும்.

ஆதலின், தேர்ந்தவர் பெயரைக் கொண்டு பொருத்துவதில்லை. 12 இலக்க அடையாள எண்ணைக் கொண்டே பொருத்துவர். அதன் முதல் 6 இலக்கங்கள் பிறந்த நாள். அடுத்த 2 பிறந்த இடம். பெண்ணாயின் இறுதி இலக்கம் இரட்டைப்படை. பெயரையோ, துண்டாடாமல், முழுப்பெயருக்குரிய கட்டத்தில் சாய்கோட்டுடனேயே வைப்பர். குடும்பப்பெயருக்கான கட்டத்தில் ‘கயல்விழி’ என்றே மறுமுறையும் எழுதுவாரும் உளர்.